பதினொரு வயதைத் தாண்டாத ஊர்

எதையும் முதலில் நம்பாதது என் பிறவிக் குணம். சந்தையில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். மருந்துக் கடையில் திகதியைப் பார்ப்பேன். என் கணவர் சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னாலும் சட்டியைத் திறந்து பார்த்துத்தான் நம்புவேன். இந்தக் குணத்துக்காகத்தான் உனக்கு இந்த வேலையைத் தந்திருக்கிறார்கள் என்று அவர் கேலி செய்வார். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. வெள்ளம், புயல் என்று ஏதாவது வந்து சனங்கள் இடம்பெயர்ந்தால், பிள்ளைகளுக்குப் போகும் உதவிகளை ஒருங்கிணைப்பது என் வேலை. எந்த முகாமில் எத்தனை பிள்ளைகள், யாருக்குப் பால்மா வேண்டும், யாருக்கு மருந்து வேண்டும், யார் தாய் தகப்பனைப் பிரிந்து தனியே நிற்கிறார்கள் என்பதையெல்லாம் எழுதி எடுக்க வேண்டும். உதவி செய்ய வருகிறவர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். போர் நடந்த இடங்களில் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டு தரம் சரிபாருங்கள் என்று பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். எனக்கு அதைச் சொல்லித்தரவே தேவையிருக்கவில்லை.

நான் எழுவான்கரைக்காரி. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலோரமாக இருப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமாகக் கிடப்பது படுவான்கரை. போர்க்காலத்தில் இந்தக் கரை ஒருவர் கையிலும் அந்தக் கரை இன்னொருவர் கையிலும் இருந்தன. சில இடங்களில் வாவியின் அகலம் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நடந்ததை நாங்கள் இந்தப் பக்கத்தில் பேச்சாகத்தான் கேட்டோம். கேட்டுவிட்டு, பாவம் என்று சொல்லிவிட்டு, டியூசனுக்குப் போனோம்.

நான் சொல்லப்போகும் மாரியில் மழை விட்டபாடில்லை. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்ததும் தண்ணீர் வயல்களை மூடி வீடுகளுக்குள் ஏறியது. படுவான்கரையில் ஓர் ஊர் முழுவதும் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தது. அந்தப் பள்ளிக்கூடம் என் பொறுப்பில் விழுந்தது. காற்று பலமாக இருந்ததால் வாவியைக் கடக்கும் பாதைப் படகு ஓடவில்லை. பாலத்தைச் சுற்றி, பிறகு உழவு இயந்திரத்தில் ஏறி, நனைந்த கோழியாகப் போய் இறங்கினேன். எந்த ஊர் மிஸ் என்று முதலில் கேட்டார்கள். ஊரைச் சொன்னேன். ஓ, எழுவான்கரையா என்றார்கள். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

என் கோப்பில் இருந்த படிவத்தில் பிள்ளைகளுக்கு மூன்று பத்திகள். பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரை ஒன்று. ஆறிலிருந்து பதினொன்று வரை ஒன்று. பன்னிரண்டிலிருந்து பதினேழு வரை மூன்றாவது. வகுப்பறை வகுப்பறையாகப் போய் ஒவ்வொரு தாயிடமும் கேட்டு எழுதினேன். பின்னேரம் தேநீர்க் கோப்பையோடு இருந்து பார்த்தபோது எனக்கு மூக்கு வியர்த்தது. இரண்டாவது பத்தியில் பெயர்கள் நிரம்பி, ஓரத்தில் எல்லாம் எழுதியிருந்தேன். மூன்றாவது பத்தியில் ஒரு பெயர்கூட இல்லை. அந்த ஊரில் ஆறு வயது உண்டு, எட்டு வயது உண்டு, பதினொரு வயது ஏராளமாக உண்டு, அதற்கு மேல் பிள்ளைகளே கிடையாது. பதினொன்று என்று எழுதச் சொன்ன ஒருவனுக்கு மீசை அரும்பியிருந்தது. இன்னொரு பதினொரு வயதுக்காரி என்னைவிட அரை முழம் உயரம்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டது என்று நினைத்தேன். பதினொரு வயது வரைதான் பால்மாவும் பிஸ்கட்டும். இது யாருக்கோ தெரிந்து, யாரோ ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார்கள். எழுவான்கரையிலிருந்து வந்தவள்தானே, காதில் பூச் சுற்றலாம் என்று பார்க்கிறார்கள். கிராம சேவகரிடம் போய்க் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தலையைச் சொறிந்தார்.

"அது அப்பிடித்தான் மிஸ். எப்பக் கேட்டாலும் பதினொண்டுதான் சொல்லுவாங்க."

ஏன் என்று கேட்டதற்கு மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவரையும் என் சந்தேகக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஐந்தாம் வகுப்பு அறையின் மூலையில் ஒரு தாய் இருந்தாள். முப்பத்தைந்து வயது மதிக்கலாம். மெலிந்த உடம்பு. நான் பேசும்போது மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள், அவள் மட்டும் என் பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு சின்னப் பிள்ளைகள், நான்கு வயது ஒன்று, ஏழு வயது ஒன்று என்று சொன்னாள். இந்த இரண்டு வயதுகளையும் நம்பலாம் போலிருந்ததால் நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் மத்தியானம் அவளுக்குக் கொடுத்த மூன்று சோற்றுப் பார்சல்களில் ஒன்றை அவள் பிரிக்கவேயில்லை. அதைச் சீலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு வெளி வாசலுக்குப் போனாள். அங்கே ஒரு நடுத்தர வயதுக்காரர் தோணியோடு நின்றார். பார்சலை வாங்கி, பொலித்தீன் பையில் சுற்றி, வெள்ளத்துக்குள் தோணியைத் தள்ளிக்கொண்டு போனார். அது அவளுடைய அண்ணன் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். எங்கே போகிறார் என்று கேட்டேன். வட்டைக்குள் மாடு நிற்கிறது, பார்க்கப் போகிறார் என்றார்கள். வட்டை என்றால் பரந்த வயல்வெளி. மாடு சோறு தின்னுமா என்று கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

அடுத்த நாளும் அதே கதை. சோறோடு பிஸ்கட் பெட்டி ஒன்றும் மெழுகுதிரிகளும் போயின. நான் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்திருந்தேன். அந்தப் பக்கக் காட்டோரம் கசிப்பு, அதாவது கள்ளச் சாராயம், காய்ச்சுகிறார்கள் என்று உழவு இயந்திரக்காரர் வரும் வழியில் சொல்லியிருந்தார். அது போதுமாக இருந்தது எனக்கு. பிள்ளைகளுக்கு வந்த சாப்பாடு கசிப்புக்காரர்களுக்குப் போகிறது என்று முடிவுகட்டினேன். மூன்றாம் நாள் முகாம் குழுவைக் கூப்பிட்டு, சமைத்த சாப்பாடு ஒன்றும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டக்கூடாது என்று சட்டம் போட்டேன். வாசலில் ஒருவரை நிறுத்தியும் வைத்தேன். அந்தத் தாயைத் தனியே கூப்பிட்டு, உங்களைத்தான் சொல்கிறேன் என்று நேரிலேயே சொன்னேன். அவள் மறுக்கவுமில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. சரி மிஸ் என்று மட்டும் சொன்னாள். களவெடுத்தவள் என்றபடியால்தான் வாய் திறக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று அண்ணன்காரர் வெறுங்கையோடு திரும்பிப் போனார். போகும்போது தங்கையைப் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன். கூட்டுக் களவு என்று நினைத்தேன்.

நான்காம் நாள் காலையில் நீர்ப்பாசனக்காரரிடமிருந்து செய்தி வந்தது. மேலே மழை கூடிவிட்டது, மத்தியானத்துக்குப் பிறகு வான்கதவுகளை இன்னும் திறப்பார்கள், வயல் பக்கம் யாராவது இருந்தால் உடனே மேட்டுக்கு எடுங்கள் என்றார்கள். ஆட்களை ஏற்றுவதற்காக ஓர் இயந்திரப் படகு வந்து நின்றது. அதன் ஓட்டுநர் என்னிடம்தான் கேட்டார், உங்கட பக்கம் வெளியில பிள்ளைகள் ஆரும் நிக்கிறாங்களா என்று. நான் கோப்பைத் திறந்தேன். என் பட்டியலில் இருந்த ஒவ்வொரு பிள்ளையையும் அன்று காலை ஆளாகப் பார்த்து அடையாளம் போட்டிருந்தேன். ஒருவரும் வெளியில் இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். அப்படியென்றால் நான் அடுத்த ஊருக்குப் போகிறேன் என்று அவர் போய்விட்டார். கந்தோருக்கும், அதாவது எங்கள் அலுவலகத்துக்கும், தொலைபேசியில் சொன்னேன், இந்த முகாமில் எல்லாப் பிள்ளைகளும் பாதுகாப்பு என்று.

அரை மணித்தியாலம் இருக்கும். அந்தத் தாய் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மிஸ், அந்தப் படகக் கூப்பிடுங்க. என்ட மூத்தவ வட்டைக்குள்ள இரிக்கா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. உங்களுக்கு இரண்டு பிள்ளைகள்தானே என்று, அந்த நேரத்திலும், கோப்பைப் புரட்டினேன். இப்போது நினைத்தால் என் கையை நானே அடிக்கலாம் போலிருக்கிறது.

"மூண்டு. மூத்தவளுக்குப் பதினாலு. அண்ணன்ட காவல் பரணில விட்டிருந்தன். நேத்து நீங்க சோறு விடயில்ல. அண்ணன் விடியவே தோணிய எடுத்துட்டு கடைப் பக்கம் போயிட்டாரு. புள்ள தனிய நிக்கா."

படகோட்டிக்கு அழைப்பு எடுத்தேன். கிடைக்கவில்லை. மறுபடியும் எடுத்தேன். நான்காவது தரம் எடுத்தபோது கிடைத்தது. ஆருமில்லையெண்டு நீங்கதானே சொன்னீங்க மிஸ் என்று அவர் சத்தம் போட்டார். ஓம், நான்தான் சொன்னேன், பிழை என்னுடையது, திரும்பி வாருங்கள் என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக ஒரு பிழையை ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான்.

படகில் தாயும் நானும் ஏறினோம். பழக்கதோசத்தில் பட்டியல் கோப்பையும் எடுத்துக்கொண்டு ஏறினேன். வரம்பும் வாய்க்காலும் தெரியாத மண்ணிறத் தண்ணீர். வேலிக் கட்டைகளின் தலைகளைப் பார்த்து அவள் வழி காட்டினாள். தண்ணீருக்குள் மரக்குற்றிகள் கிடக்கும் என்பதால் படகோட்டி மெல்லத்தான் போனார். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்ட விதத்தில் கோபமும் இருந்தது. என் மேல் எனக்கிருந்த கோபம்தான், ஆனால் அவளுக்கு அது எப்படித் தெரியும்?

அவள் என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள். அவளுக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது, இதே பள்ளிக்கூடத்துக்கு ஒரு மிஸ் வந்தாராம். வெள்ளைச் சட்டை போட்டு, மெதுவாகப் பேசுகிற மிஸ். பிள்ளைகளுக்குப் புத்தகப்பை கொடுத்தார். கொடுத்துவிட்டுப் பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டு போனார். பன்னிரண்டுக்கு மேற்பட்டவர்களை வேறு தாளில் எழுதினார். ஏழெட்டு நாள் கழித்து, சண்டைக்குப் பிள்ளைகளைப் பிடிக்கும் ஆட்கள் வந்தார்கள். வாசலில் நின்று பெயர் பெயராக வாசித்தார்கள். அவர்கள் கையில் இருந்தது அதே தாள். இரண்டு வருடம் கழித்துத்தான் அவள் வீட்டுக்குத் திரும்பினாள். அதைச் சொன்ன கையோடு, ஒரு வேலிக் கட்டையைக் காட்டிப் படகோட்டியை இடப்பக்கம் திருப்பச் சொன்னாள்.

"அவ குடுத்தாவா, அவட்ட இரிந்து பறிச்சாங்களா எண்டு எனக்குத் தெரியா. அவவும் நல்லவதான் மிஸ், உங்களப் போலத்தான். மறுகா எங்கட வீட்டுக்கு வந்து அம்மாவோட இரிந்து அழுதாவாம்."

ஊர்க்காரர்கள் பதினொன்று என்று சொன்னது எதற்கென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பால்மா அவர்கள் மனதிலேயே இருக்கவில்லை. அந்தச் சண்டை முடிந்து இத்தனை வருடமாகிறது. இப்போது ஒருவரும் வந்து பிள்ளைகளைக் கேட்பதில்லை. அது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் யாராவது ஒரு தாளோடு வந்து பன்னிரண்டுக்கு மேல் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் வாய் தானாகப் பதினொன்று என்று சொல்கிறது. நான் கொண்டுபோன படிவத்தின் மூன்றாவது பத்தியை அவர்கள் முன்பே ஒரு தரம் பார்த்துவிட்டார்கள். இவளும் அப்படியே சொல்லியிருப்பாள். ஆனால் ஒரு தரம் பிடிபட்டவள் என்பதால், அந்தப் பொய் வயதைக்கூட நம்பாமல், பதிவுக்கு ஆள் வருகிறது என்று கேள்விப்பட்ட அன்றைக்கே அண்ணனோடு வட்டைக்குள் அனுப்பிவிட்டாள்.

யானைக் காவலுக்குக் கட்டிய பரண் அது. நான்கு கால்கள், மேலே பலகை, ஓலைக் கூரை. நாங்கள் போன நேரம் தண்ணீர் ஏணியின் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. கட்டியிருந்த கன்றுக்குட்டியை மகள் அவிழ்த்து விட்டிருந்தாள், அது எங்கே போனதோ தெரியவில்லை. புத்தகங்களைப் பொலித்தீனில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பலகை ஓரத்தில் இருந்தாள். தாயைக் கண்டதும் எழுந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்த கோப்பைப் பார்த்தாள். பரணின் பின்பக்கத்துக்கு நகர்ந்து, கூரைக்கடியில் ஒடுங்கிவிட்டாள்.

படகோட்டி கத்தினார். பரண் கால் ஒன்று அசைந்துகொண்டிருந்தது. அவள் அசையவில்லை. அந்தத் தண்ணீரைவிட என் கோப்புக்குத்தான் அவள் பயந்தாள். எனக்கு வெட்கமாகவும் அழுகையாகவும் வந்தது. கோப்பைப் படகுக்குள் கீழே போட்டேன். அங்கே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. இரண்டு கைகளையும் விரித்து அவளுக்குக் காட்டினேன்.

"வா மனே. மிஸ் ஒண்டும் எழுதமாட்டா" என்று தாய் சொன்னாள்.

அவள் இறங்கினாள். நேற்றுக் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. என் பையில் கிடந்த பிஸ்கட்டைக் கொடுத்தேன். வாங்கினாள், ஆனால் தாய் தலையாட்டிய பிறகுதான் வாயில் வைத்தாள். நாங்கள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிய சற்று நேரத்தில் வான்கதவுகளைத் திறந்தார்கள். பின்னேரம் வந்து சேர்ந்த அண்ணன்காரர், பரண் நின்ற இடத்தில் இப்போது வெறும் தண்ணீர்தான் என்று சொன்னார். அவர் கையில் ஒரு பாண் ரொட்டியும் இரண்டு வாழைப்பழமும் இருந்தன. என்னைக் கடந்து போய் அவற்றை மருமகளின் மடியில் வைத்தார்.

நனைந்த பட்டியலை மறுபடி எழுத வேண்டியிருந்தது. தாயும் மகளும் என் மேசைக்கு முன்னால் இருந்தார்கள். வயது என்ன என்று கேட்டேன்.

மகள் பதினாலு என்றாள். அதே மூச்சில் தாய் பதினொண்டு என்றாள்.

மகள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். பதினான்கு வயதுக்காரிக்குப் பதினொன்று என்று சொல்வதில் உள்ள அவமானம் அந்த முகத்தில் இருந்தது. தாய் என்னிடம் கேட்டாள்.

"இந்தத் தாள் எங்க போகும் மிஸ்?"

கந்தோருக்கு என்றேன். அங்கிருந்து? கொழும்புக்கு. அங்கிருந்து? இத்தனை வருட வேலையில் எத்தனை ஆயிரம் பெயர்கள் எழுதியிருப்பேன். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவள், இதை ஒரு நாளும் யாரிடமும் கேட்டதில்லை. தெரியாது என்றேன். நான் இரண்டாவது பத்தியில் பதினொன்று என்று எழுதினேன். தெரிந்துகொண்டே படிவத்தில் நான் எழுதிய முதல் பொய் அது. மற்றவர்களின் வயதுகளையும் ஒன்றும் கேட்காமல் அப்படியே எழுதினேன்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பன்னிரண்டுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகளுக்கென்று அணையாடைகளும் உள்ளாடைகளும் வைத்த பைகள் தனியே வரும். பட்டியலில் அந்த வயதில் ஒருவரும் இல்லையென்றால் ஒரு பையும் வராது. நான் தாய்மாரின் பகுதியில் கூடுதலாகக் கேட்டு எடுத்து, ஒவ்வொரு வகுப்பறையாகப் போய், பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல் தாய்மாரின் கையில் கொடுத்தேன். ஒருவரும் எதற்கு என்று கேட்கவில்லை. கிராம சேவகர் தூர நின்று பார்த்துவிட்டு, முதல் தடவையாக எனக்கு ஒரு தேநீர் கொண்டுவந்து தந்தார்.

தண்ணீர் வடிந்து, முகாம் கலைந்து, இரண்டு மூன்று மாதம் போயிருக்கும். கந்தோரில் இருக்கும்போது ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் பெயர் சொன்னார், நான் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயரும் சொன்னார். அந்த ஊருக்குப் பக்கத்து ஊர்களின் பட்டியல்களோடு, நான் எழுதிய பட்டியலும் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். சந்தேகப்பட்டு ஒரு பெயரை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். நான் எழுதிய பெயர்தான். எப்படி உங்களுக்குக் கிடைத்தது என்றேன். எல்லாரும் ஒரே வேலைதானே செய்கிறோம் என்று சிரித்தார். வளர்ந்த பிள்ளைகளுக்கு நல்ல திட்டம் ஒன்று இருக்கிறது, அவர்களின் படமும் தொலைபேசி இலக்கமும் வேண்டும், ஆனால் இந்த ஊரில் மட்டும் மூன்றாவது பத்தி வெறுமையாக இருக்கிறதே, விட்டுப்போனதா என்று கேட்டார்.

அவர் குரல் மெதுவாக, மரியாதையாக இருந்தது. நல்லவராகவே இருக்கலாம். புத்தகப்பை கொண்டுபோன அந்த மிஸ்ஸும் நல்லவர்தான்.

விட்டுப்போகவில்லை, அந்த ஊரில் பதினொரு வயதுக்கு மேல் பிள்ளைகள் இல்லை என்றேன்.

அது எப்படி மேடம், ஒரு ஊரில் ஒருவர்கூட இல்லாமல் இருக்குமா என்று கேட்டார்.

நானே வகுப்பறை வகுப்பறையாகப் போய் எண்ணினேன் என்றேன்.